வேண்டுதல் இல்லாத நடை



குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் காஹாங் ஒரு சிறிய ஊர். நம்மில் பலருக்கு அது தேத்தண்ணி குடிக்க நிறுத்தும் இடம், அவ்வளவுதான். அங்கிருந்து ஒரு மண்சாலை செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, ஜாக்குன் பூர்வகுடி மக்களின் ஊரான கம்போங் பெத்தா வரை போகிறது. எண்டாவ் ரொம்பின் காட்டுக்கு அதுவும் ஒரு வாசல். நம் நாட்டில் வசந்தகாலம் கிடையாது. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பங்குனி வெயிலில் ஆறு தெளியும்போது அங்கே நடப்பது அதற்குச் சமம்.

"வாங்க, ஒருநாள் போய் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் வரும் முதல் கேள்வி: "அங்க என்னா இருக்கு?"

கோயில் இருந்தால் போவோம். பத்துமலையில் 272 படிகளையும் வெறுங்காலோடு ஏறுவோம். அங்கே வேண்டுதல் இருக்கிறது. வேண்டுதலே இல்லாத இடத்துக்கு ஏன் நடக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்தில் "காட்டுக்குப் போறேன்" என்றால் பால் வெட்டப் போகிறேன் என்று பொருள். விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில், பசியோடு நடந்த நடை அது. "நாங்க பட்டது போதும், நீங்க படிங்க" என்று சொல்லித்தான் நம்மை வெளியே அனுப்பினார்கள். காடு என்றாலே கூலி என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. பயன் இல்லாமல் அங்கே கால் வைப்பது நமக்கு வீண்வேலையாகத் தெரிகிறது.

ஆனால் இந்தக் காடு இன்று நிற்பதற்குக் காரணம், பயனை மட்டும் பார்க்காத சிலர். 1977இல் அதன் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது, வெட்டுவது நின்றது. 1985, 86இல் மலேசிய இயற்கைக் கழகம் ஆய்வுப் பயணம் நடத்தியது. இங்குள்ள ஒரு விசிறிப் பனைக்கு, எண்டாவின் பெயரை வைத்தே, அறிவியல் 1987இல்தான் பெயர் சூட்டியது. ஆக, குரல் கொடுத்தவர்கள் பெயர்கூட வைக்கப்படாத உயிர்களுக்கும் சேர்த்துத்தான் குரல் கொடுத்தார்கள். அவர்கள் கைக்கு ஒரு பலகைகூட வரவில்லை.

பலனை எதிர்பாராமல் செய் என்று சமய வகுப்பில் படிக்கிறோம். அதைப் பழகிப் பார்க்க இடம் எங்கே? தொல்காப்பியம் சேயோனுக்கு மலையையும் மாயோனுக்குக் காட்டையும் தந்தது. அதில் கோபுரம் பற்றிய பேச்சே இல்லை. இறைவனிடம் கேட்பது தவறல்ல, கஷ்டம் வந்தால் வேறு யாரிடம் போவோம்? ஆனால் கேட்பதற்காக மட்டுமே போகிற பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் கொஞ்சம் சலிக்கும்தானே? சும்மா பார்த்துவிட்டு வரவும் ஒருநாள் போகணும்.

நம் தாத்தா பாட்டி கூலியாக நுழைந்த காட்டுக்குள் நாம் விருந்தாளியாக நுழையலாம். விருந்தாளிக்கு முறை உண்டு: ஜாக்குன் வழிகாட்டி சொல்வதைக் கேட்கணும், எதையும் பறிக்கக்கூடாது, குப்பையைப் போட்டுவிட்டு வரக்கூடாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். "அங்க என்னா இருக்கு?" என்று யாராவது கேட்டால், "வந்து பாரேன்" என்று சொல்லுங்கள்.