இதுல உனக்கு என்ன கிடைக்கும்?

கூலி இல்லாமல் நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யும் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. ‘சேவை’ என்றால் பாசாங்கு. ‘பெயருக்காக’ என்றால் அற்பம். இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். உழைத்தவர்களின் பெயர்கள் நூலின் முகப்பில் உண்டு. பெயராசை இருந்தால்தான் என்ன? புகழுக்காகத் தட்டிய பாட்டிலும் அதே எழுத்துகள்தானே!

ஆனால் மெய்ப்புப் பார்ப்பதில் ஒரு சிக்கல். திருத்திய பிழை காணாமல் போய்விடும். கூடவே திருத்தியவரின் உழைப்பும். மேலோட்டமாகப் பார்த்தாலும் முகப்பில் பெயர் வந்துவிடும். அப்புறம் எதற்கு ‘ள’வா ‘ழ’வா என்று மூலத்தை மறுபடி புரட்டணும்?

ஏனென்றால், யாரோ ஒருத்தர் அந்த வரியை நம்பி வாசிக்கப்போகிறார். ஓலையில் படியெடுத்த, பெயர் தெரியாத எவரையோ நம்பித்தான் நாமும் பழம்பாட்டை வாசிக்கிறோம். பெயராசை ஒருவரை வேலைக்குக் கூட்டிவரலாம். யாரும் பார்க்காத இடத்தில் ஓர் எழுத்தைச் சரிபார்க்க வைப்பது முகம் தெரியாத அந்த வாசகர்தான்.

என்ன கிடைக்கும்? நம்மை நம்பியவர் ஏமாறவில்லை என்கிற நிம்மதி. எனக்கு அது போதும்.