முதுமை நோயாகுமா?

அழகை விரும்புதல் குற்றமன்று. கூந்தல் முடித்து மலர் சூடுவதும், மஞ்சள் பூசி நீராடுவதும் நம் மரபே. ஆயினும், கையடக்கமான மின்கருவி ஒன்றால் முகச் சுருக்கத்தைப் போக்கலாம் என்னும் விளம்பரம் நம் இல்லங்களுக்குள் நுழைந்துவிட்ட இந்நாளில், நாம் ஒரு வினாவை எழுப்பியே ஆகவேண்டியுள்ளது. முதுமை நோயாகுமா?

மின்னைக் கொண்டு பிணி தீர்க்க முயல்வது பழைய வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு மின்மீனை மருந்தாகக் கூறினார். தவளையின் தசை மின்னால் துடிப்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி 1791இல் நூலாக வெளியிட்டார். இன்றைய மைக்ரோகரண்ட் கருவியில் ஓடுவது, ஓர் ஆம்பியரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில நூறு கூறுகளே. ஜெல் தடவிய தோலின்மீது அதன் உலோக முனைகளை நகர்த்துவர். மின் பாய்வது பெரும்பாலும் உணரப்படுவதில்லை.

1982இல் வெளிவந்த ஆய்வொன்றில், எலியின் தோலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்பட்டபோது, உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருள் பெருகியது. மின்னோட்டம் மிகுந்தபோதோ அது குறைந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது ஆய்வுக்கூடத்திலும் மெய்யாயிற்று. எனினும், எலித்தோலில் கண்டதை மனித முகத்திற்கு உறுதிமொழியாக விற்பது வாய்மையாகாது. புண் ஆற்றவும் வலி தணிக்கவும் இம்முறை மருத்துவத்தில் கையாளப்படுகிறது. முகத்தில் தோன்றும் பொலிவோ நிலைத்து நிற்பதன்று. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோரும், கருவுற்றோரும், வலிப்பு நோயுடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யப் பணிக்கிறார். அவ்வழி நின்று ஆராய்வோம். முழங்காலின் வலி, இருட்டறையில் தனித்திருந்தாலும் வலியே. கன்னத்தின் சுருக்கமோ பிறர் கண் பட்டபின்பே துன்பமாகிறது. முன்னதற்கு மருந்து உடலில் இடவேண்டும். பின்னதன் நோய்முதல் பார்ப்போர் கண்ணில் அன்றோ உள்ளது?

இதனால், அக்கருவியை வாங்கும் சகோதரியை நாம் பழிக்கவில்லை. வயது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவரும் உளர். அவ்வச்சத்தை ஊட்டிய உலகமே பழிக்குரியது. அவ்வுலகில் நாமும் அடக்கம்.

பிழைப்பை நாடி வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், விடுமுறையில் ஊர் சென்று இறங்கியதும் நிகழ்வதை எண்ணிப் பார்க்கலாம். மூத்தோர் நம் முகத்தை ஏந்தி, ‘அப்படியே உன் அப்பத்தா சிரிப்பு’ என்கின்றனர். கண்ணோரத்தில் விழும் அக்கோடுகளிலேதான் அவர்கள் நம்மை அடையாளம் காண்கின்றனர். அதனை நாணத்தக்கதென்று நம் மக்களுக்குக் கற்பிக்கலாமா?

வலிக்கு மருந்து தேடுவோம். முதுமைக்கு மரியாதை தருவோம். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவதே அறிவு.