இரண்டு பதில்களுக்கும் இடம்

எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண் குழந்தை பெறலாமா? பீளமேட்டில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பறையில் பெண்ணுடலைப் பற்றிய பேச்சு எழும்போது இந்தக் கேள்வியும் எப்போதாவது எழும். பதிலும் அதற்குள்ளேயே இருக்கும்: "பாவம், அந்தக் குழந்தை என்ன செய்தது?" கேட்பவரின் இரக்கம் பொய்யல்ல. ஆனால் அந்த இரக்கம் எந்த இடத்தில் தீர்ப்பாகிவிடுகிறது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தாய் மருந்தை விடாமல் எடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. 2004 முதல் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுத்துவருகிறது. கோவை அரசு மருத்துவமனையிலும் அதற்கான ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. மருத்துவம் இவ்வளவு மாறிய பிறகும் நம் கேள்வி மாறவில்லை. சர்க்கரை நோயுள்ள பெண்ணின் கர்ப்பத்திலும் ஆபத்துகள் உண்டு. அவளிடம் நாம் "பெறலாமா" என்று கேட்பதில்லை, "டாக்டரைப் பார்த்தாயா" என்றுதான் கேட்கிறோம்.

இந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆணை வருகிறது. "இதோடு போதும், ஆபரேஷன் செய்துகொள்" என்பது ஒன்று. மற்றொன்று ஊரிலிருந்து வருவது. கொங்குப் பகுதியில் கல்யாணமாகி ஓராண்டு ஆவதற்குள் "ஏனுங்க, விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். நோயை மறைத்து வாழ்பவளுக்கு இது வெறும் விசாரிப்பு அல்ல. குழந்தை இல்லையென்றால் காரணம் தேடுவார்கள், தேடினால் மருந்துப் பாட்டில் வரை வந்துவிடுவார்கள். ஊரின் வாயை அடைக்கக் கருவுறுபவளும், பிரசவ வலியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுபவளும் எதிரெதிர் முடிவெடுத்தவர்களாகத் தோன்றலாம். உண்மையில் இருவருமே முடிவெடுக்கவில்லை.

கருத்தடை முறைகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஆணுறை கருவையும் தொற்றையும் சேர்த்துத் தடுக்கும். ஆனால் அது கணவனின் சம்மதத்தில் இருக்கிறது. அவனிடமிருந்தே தொற்று வந்திருந்தாலும், உறையைக் கேட்டால் சந்தேகம் அவள் மேல் விழும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் அதைச் செய்துகொள்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் "இனி உறை எதற்கு?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. சிகிச்சையில் நலமாக இருக்கும் பெண் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். எஃபாவிரென்ஸ் என்ற மருந்தை உட்கொள்பவருக்கு அவசரக் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். தொடர் சிகிச்சையால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியே தொற்று பரவாது. நம்பிக்கை மையத்தில் ஒருத்தியை உட்காரவைத்து நிதானமாகச் சொல்ல வேண்டியவை இவை. இவற்றை அறியாதவளிடம் "உன் விருப்பம்" என்று சொல்வதில் பொருளில்லை.

நமீபியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் மூன்று பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்த வழக்கில், அறிந்து தந்த சம்மதம் அங்கே இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. பிரசவ வலியின் நடுவே வாங்கிய கையெழுத்தை அது சம்மதமாக ஏற்கவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நம் எச்.ஐ.வி. சட்டமும், கர்ப்பிணிக்கு அவள் அறிந்து தரும் சம்மதமின்றிக் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்யக் கூடாது என்கிறது. இந்தப் பெண்களுக்கு உரிமை உண்டு என்ற பேச்சு இங்கே சட்டத்துக்கு முன்பே தொடங்கியது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி தன் நோயை வெளிப்படையாகச் சொல்லி, 1998இல் மற்ற பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார்.

குழந்தையின் நலன் முக்கியமில்லையா? முக்கியம்தான். தாய்க்கு மருந்தும் வருமானமும் துணையும் கிடைக்க வேண்டும் என்பதற்கே அது காரணமாகிறது. தாயாகும் உரிமையைப் பறிக்க அது காரணமாகாது. இன்னொரு பக்கமும் நமக்கு எச்சரிக்கை வேண்டும். அவளுக்குத் தாய்மை உரிமை உண்டு என்று உரக்கப் பேசும் நாம், "எனக்குக் குழந்தை வேண்டாம்" என்று சொல்பவளை நோய்க்குத் தோற்றவளாகப் பார்த்துவிடக் கூடாது. ஆரோக்கியமான பெண்ணும் அதே சொற்களைச் சொல்லலாம். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தண்டனை இல்லாத இடத்தில்தான் தேர்வு என்ற சொல் பொருள் பெறுகிறது.

அந்த இடத்தைச் சட்டம் மட்டும் உருவாக்கிவிடாது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் "விசேஷம் இல்லையா?" என்று கேட்க வாயெடுக்கும்போது நாம் நிறுத்திக்கொள்ளலாம். அவள் எதை மறைத்து வாழ்கிறாள் என்பது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.