கலவரத்துக்கு முந்திய வேலை

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்கில் இறந்தவர்கள் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். அந்த இரண்டு மாதமும் பக்கத்துத் தானே மாவட்டத்தில் இருக்கும் பிவண்டி அமைதியாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் எந்த ஊர் முதலில் பற்றிக்கொள்ளும் என்று அப்போது கேட்டிருந்தால் பலரும் அந்த ஊரைத்தான் சொல்லியிருப்பார்கள். 1970 மே 7 அன்று சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம் அந்த விசைத்தறி நகரத்தைச் சூறையாடியது. நீதிபதி மதோன் ஆணையம் அதை விசாரித்துப் பல தொகுதிகளாக அறிக்கை எழுதியது. 1984-ல் மறுபடியும் கொலையும் தீவைப்பும். அப்படிப்பட்ட ஊர் 1992-ல் ஏன் எரியவில்லை என்பதை மத நல்லிணக்கம் பேசுகிற ஒவ்வொருவரும் நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1988-ல் பிவண்டிக்குப் போலீஸ் துணை கமிஷனராக வந்தவர் சுரேஷ் கோப்டே. கலவரம் வெடித்த பிறகு போலீஸ் செய்யக்கூடியது மிகக் குறைவு என்று அவர் நினைத்தார். தடியடி, துப்பாக்கி, ஊரடங்கு எல்லாமே காலம் கடந்தவை. வெடிக்கும் முன்பே இரு மதத்தவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க அவர் எடுத்த வழிதான் மொஹல்லா கமிட்டி, அதாவது பேட்டைக் குழு. இரு தரப்பினரும் கலந்து வாழும் பேட்டைகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில் இருக்கும்படி குழுக்கள் அமைந்தன. மேடைப் பேச்சாளர்களையும் மதவெறியில் பேர்போனவர்களையும் தள்ளிவைத்துவிட்டு, அந்தத் தெருவில் வாழும் சாதாரண ஆட்களைச் சேர்த்தார்கள். போலீஸ் அதிகாரியும் உட்கார்ந்தார். கூட்டம் தவறாமல் நடந்தது. அதுதான் முக்கியம்.

இப்படிக் கூடுகிறவர்கள் வேதம், குர்ஆன் பற்றி விவாதிப்பதில்லை. தங்கள் தெருவின் சச்சரவுகளைப் பேசுகிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் அப்படிப் பேசியவர்களுக்கு ஒருவர் வீடு மற்றவருக்குத் தெரியும், ஒருவர் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதும் தெரியும். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், பள்ளிவாசல் முன்னால் மேளம் எப்போது நிற்க வேண்டும் என்பதை அவர்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிடலாம். கோப்டேவுக்குப் பின் வந்த அதிகாரிகளும் இதை விடாமல் நடத்தினார்கள். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது பிவண்டியில் பேசுவதற்கு ஆள் இருந்தது.

கலவரத்தின் முதல் தீனி வதந்தி. 1990 டிசம்பரில் அலிகார் பல்கலைக்கழக மருத்துவமனையில் இந்து நோயாளிகள் கொல்லப்பட்டதாக உள்ளூர் இந்தி நாளேடுகள் சில எழுதின. அது முழுப் பொய். பத்திரிகைக் கவுன்சில் பின்னால் கண்டித்தது. அதற்குள் செத்தவர்கள் செத்துவிட்டார்கள். மறுப்பு அறிக்கையை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். அதை நம்பவைக்க, எதிர்த் தரப்பில் நமக்குத் தெரிந்த ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தைக் கலவரத்தன்று தேடினால் கிடைக்காது.

அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் காட்டியது. 1950 முதல் 1995 வரை இந்து–முஸ்லிம் கலவரங்களில் இறந்தவர்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் எட்டே நகரங்களில் இறந்தார்கள். அந்த எட்டு நகரங்களில் இருந்தவர்கள் நாட்டு மக்களில் 5 சதவீதம் அளவுதான். கிராமங்களில் நிகழ்ந்த சாவு 4 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு மதங்களும் எங்கும் இருக்கின்றன, சாவு மட்டும் சில இடங்களில் குவிந்து கிடக்கிறது. அப்படியென்றால் மதங்களுக்கிடையே இருக்கும் ஆதிப் பகைதான் காரணம் என்ற விளக்கம் நிற்காது.

அவர் கோழிக்கோட்டையும் அலிகாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கோழிக்கோட்டில் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று சொன்ன குடும்பங்கள் சுமார் 90 சதவீதம், அலிகாரில் 42. சேர்ந்து உண்பதாகச் சொன்னவர்கள் கோழிக்கோட்டில் 83, அலிகாரில் 54. ஆனாலும் இந்த அன்றாட உறவை வார்ஷ்ணே அடித்தளம் என்று மட்டுமே கொண்டார். பெரிய நகரத்தில் பக்கத்து வீட்டு அன்பு நெருக்கடியில் நூலிழைபோல் அறுந்துவிடும். தாங்கிப் பிடிப்பவை வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை, கட்சி என்று இரு மதத்தவரும் பொறுப்பில் இருக்கும் அமைப்புகள். தலைவர் இந்து, செயலாளர் முஸ்லிம் என்றிருக்கும் சங்கத்துக்குக் கடையடைப்பே நஷ்டம். அமைதியில் அவர்களுக்குச் சொந்த லாபம் இருக்கிறது. இதை இழிவாக எண்ண வேண்டியதில்லை. லாபம் கலந்த நட்பு நீடிக்கும்.

கோழிக்கோடு புண்ணியத்தால் அப்படி ஆகவில்லை. 1921-ன் மாப்பிளைக் கிளர்ச்சி அதே மலபாரில் நடந்தது. வார்ஷ்ணேயின் ஆய்வு வெளிவந்த அதே காலத்தில் கோழிக்கோட்டை ஒட்டிய மாராடு மீனவர் குப்பத்தில் ஒரு சிறு தகராறு முற்றி, 2002 ஜனவரியில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். 2003 மே 2 அன்று கடற்கரையில் எட்டு இந்து மீனவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோழிக்கோட்டுக்கென்று நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர் குப்பத்தைக் காக்கவில்லை. எந்த உறவும் தானாக எல்லாத் தெருவுக்கும் பரவுவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கசப்பான சான்று இது.

இதே உண்மை ஈராக்கிலும் சோதனையாகக் கிடைத்திருக்கிறது. ஐ.எஸ். படையால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கிறித்தவர்களுக்காக ஆய்வாளர் சல்மா மௌசா கால்பந்துத் தொடர் நடத்தினார். சில அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார், சில அணிகளில் கிறித்தவர்களை மட்டும் வைத்தார். 2020-ல் முடிவு வெளியானது. கலந்து ஆடியவர்கள் ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள், வேறு அணியின் முஸ்லிம் ஆட்டக்காரருக்கு நன்னடத்தை விருது கொடுக்க வாக்களித்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசூலில் ஓர் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னால் அவர்களிடமும் மற்றவர்களிடமும் வித்தியாசம் தெரியவில்லை. மைதானத்துக்குள் வளர்ந்த நம்பிக்கை மைதானத்துக்கு வெளியே நடக்கவில்லை. சிலர் இதைத் தோல்வி என்பார்கள். அன்றுவரை அஞ்சியவனோடு பந்தாட வருவது எனக்குப் பெரிய காரியமாகத்தான் படுகிறது. அந்நியரிடம் நம்பிக்கை வர வேறு வேலையும் செய்ய வேண்டும் என்றுதான் இந்த முடிவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மேடையில் பூசாரியும் இமாமும் பாதிரியாரும் கைகோத்து நிற்கும் சர்வமதப் பிரார்த்தனைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடி வாங்கிய சமூகத்துக்கு அந்தக் காட்சி ஆறுதல். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது அமெரிக்க முஸ்லிம்கள் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் புதைப்புச் செலவுக்கு உதவியது, நீங்கள் தனியாக இல்லை என்றும் சொன்னது. எனினும் ஆறுதல் வேறு, தடுப்பு வேறு. இங்கே பெரும்பாலும் ஆறுதலுக்கு மட்டும் ஆள் சேர்கிறது.

பம்பாய்க் கலவரத்துக்குப் பின் முன்னாள் போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபெய்ரோ, அப்போதைய கமிஷனர் சதீஷ் சாஹ்னி, சமூகச் செயற்பாட்டாளர் சுஷோபா பார்வே போன்றோர் அந்த நகரத்திலும் மொஹல்லா கமிட்டிகளை வளர்த்தார்கள். போலீஸும் பேட்டை இளைஞர்களும் ஆடும் ‘அமைதிக்காகக் கிரிக்கெட்’ அதில் பிறந்தது. ஆனால் ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பெயர் சொல்லிக் குற்றம் காட்டிய போலீஸ்காரர்களில் பெரும்பாலோர் தண்டனை பெறவில்லை. அதே காக்கிச் சட்டையோடு ஒரு விதவை எப்படி ஒரே மேசையில் உட்காருவாள்? நீதி நடக்காத இடத்தில் நல்லிணக்கக் கூட்டத்துக்கு வரும்படி கேட்பது அவளுக்கு இன்னொரு சுமை. இந்தக் கேள்விக்குக் கமிட்டியால் பதில் சொல்ல முடியாது, நீதிமன்றமும் அரசும்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு தடை செங்கல்லும் சிமென்டும். மொஹல்லா கமிட்டிக்குக் கலந்த மொஹல்லா வேண்டும். கலவரங்கள் அகமதாபாத்தைப் பிரித்துப் போட்டன; 2002-க்குப் பின் முஸ்லிம்கள் இன்னும் அதிகமாக அந்நகரின் ஜுஹாபுரா பகுதியில் ஒதுங்கினார்கள். அச்சத்தில் வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுக்கக் குஜராத் 1991-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சொத்து கைமாற கலெக்டர் அனுமதி வேண்டும். நல்ல நோக்கம்தான். நடைமுறையில் இந்துத் தெருவில் ஒரு முஸ்லிம் விருப்பத்தோடு வீடு வாங்குவதையும் அது தடுக்கிறது. 2019-ல் சட்டமன்றம் அதை இன்னும் இறுக்கித் திருத்தியது. அந்த நகரத்தில் கமிட்டி அமைக்க விரும்புகிறவர் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகும் முன், வீட்டுத் தரகரிடமும் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமும் போய்ப் பேச வேண்டியிருக்கும்.