ஐயுறுதல் அறமாகுமா?

முன்பின் அறியாத ஒருவர் தரும் பொருளைச் சோதித்த பின்னரே ஏற்பது அவரை அவமதிப்பதாகுமா? அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகிய இது, கணினித் துறையில் இன்று புதுவடிவம் பெற்றுள்ளது.

1995 நவம்பரில், செரொக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபெல், மாசின்ரர் ஆகிய இருவர், இணையப் படிவங்கள் வாயிலாகக் கோப்புகளை அனுப்பும் முறையொன்றை முன்மொழிந்தனர். இன்று மனிதர் மட்டுமன்றி, பிற நிரல்களும் பொதுவான பிரயோக நிரலாக்க இடைமுகங்களின் வழியே ஓயாது கோப்புகளை அனுப்புகின்றன. வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றது. வருபவர் எவரென்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

கோப்போடு வரும் பெயரும் வகைக்குறிப்பும் அனுப்புபவரின் கூற்றுகளேயன்றிச் சான்றுகளல்ல. 42 கிலோபைற்று அளவேயுடைய சுருக்கக் கோப்பொன்று, முற்றாக விரிக்கப்படின் ஏறத்தாழ 4.5 பெற்றாபைற்றாகப் பெருகும் என்பது துறையினர் நன்கறிந்த எடுத்துக்காட்டு. படங்களைக் கையாளும் இமேஜ்மஜிக் என்னும் மென்பொருளில் 2016இல் வெளிப்பட்ட குறைபாட்டினால், படமெனத் தோன்றிய கோப்பு சேவையகத்திலேயே கட்டளைகளை இயக்கவல்லதாயிற்று. ஆதலின் அளவுக்கு வரம்பிடுதல், உள்ளடக்கத்தை ஆராய்தல், வந்த பெயரை நீக்கிப் புதுப்பெயரிடுதல், தனியிடத்தில் வைத்தல் என்பன இன்றியமையாதனவாயின.

அனுப்புவோருள் மிகப் பலர் நேர்மையாளராயிருக்க, சிலர் பொருட்டு அனைவரையும் ஐயுறுவது நீதியாகுமா என்று வினவலாம். இங்கு ஐயம் கோப்பின் மேலதே. தம் கோப்பில் நச்சுநிரல் தொற்றியிருப்பதை அனுப்புபவரே அறியாதிருக்கக் கூடும். மேலும், அச்சேவையகத்தில் பிறருடைய கோப்புகளும் உள்ளன. தன் உடைமையை நம்பிக்கையின் பெயரால் இழக்க ஒருவனுக்கு உரிமையுண்டு. பிறர் அடைக்கலமாக வைத்ததை அவ்வாறு இழக்க உரிமையில்லை. அனைவரையும் ஒரே அளவுகோலால் சோதிக்கும்வரை அது எவருக்கும் அவமதிப்பாகாது.

எனினும், சோதிக்கும் உரிமை கடமைகளையும் உடன்கொணர்கின்றது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தினுள், எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் பதிந்திருக்கலாம். அனுப்புபவர் அறியாத அச்செய்தியை ஏற்பவர் எளிதிற் படித்துவிடலாம். படத்தை வெளியிடுமுன் அதனை அகற்றுவது அறம். தன் ஆதாயத்திற்காகச் சேர்த்துவைப்பது களவுக்கு அண்மையது. மறுக்கும்போதும் காரணம் கூறல் வேண்டும். அளவு மிகுந்ததென உணர்த்த 413, வகை ஏற்கத்தக்கதன்றென உணர்த்த 415 என நியமக் குறியீடுகள் இருக்க, வாளா புறக்கணிப்பது முறையன்று.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறத்தானுக்கும், தெரிந்து தெளிதலை அரசனுக்கும் உரியனவாக வைத்தார். பொதுவாயில் அமைப்போனிடம் இவ்விரு கடமைகளும் ஒருங்கே வந்து சேர்கின்றன. வருவோரைச் சோதிக்க அவன் இருக்கின்றான். சோதனையின் பெயரால் அவன் எதனைப் பார்க்கின்றான், எதனை வைத்துக்கொள்கின்றான் என்பதைச் சோதிப்பவர் யார் என்பதே இனி விடை காணவேண்டிய வினாவாகும்.