கேட்டறிந்து செய்யும் தொண்டு

1892ஆம் ஆண்டு, பரிவிராஜகராகப் பாரதத்தை வலம் வந்துகொண்டிருந்த சுவாமி விவேகானந்தர் பெங்களூருவை அடைந்தார். மைசூர் சமஸ்தானத்தின் திவான் சேஷாத்ரி ஐயர் அவரை விருந்தினராக ஏற்றார். மன்னர் சாமராஜேந்திர உடையாரின் நட்பும் கிட்டியது. ஈராண்டுகளுக்குப் பின், 1894 ஜூன் 23 அன்று, சிகாகோவிலிருந்து சுவாமிஜி அம்மன்னருக்குக் கடிதம் எழுதினார். ஊர்தோறும் இலவசப் பள்ளி திறந்தாலும் ஏழைச் சிறுவன் அங்கு வர இயலாது. பிழைப்பின் பொருட்டு அவன் தந்தையுடன் வயலுக்கே செல்வான். ஆகவே கல்விதான் அவனைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அக்கடிதத்தின் முக்கியக் கருத்துகளுள் ஒன்று.

சுவாமிஜி அச்சிறுவனைக் குறை கூறவில்லை. அவன் தந்தையையும் பழிக்கவில்லை. அவன் நிற்கும் இடத்தில் தாமும் நின்று உலகைப் பார்த்தார். தொண்டின் முதற்பாடம் இதுவே.

பதில் இருந்த இடம்

ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அதே பெங்களூருவில் தொழிலாளர்களை ஒன்றுசேர்க்கும் பணியில் சில இளைஞர்கள் ஈடுபட்டிருந்தனர். நந்தனா ரெட்டி அவர்களுள் ஒருவர். அவர்களின் கூட்டங்களுக்கு உணவு விடுதிகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்த சிறுவர்களும் வந்தனர். அன்று நடைமுறையில் இருந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி 15 வயது நிரம்பாதவர் சங்க உறுப்பினராக இயலவில்லை. உழைப்பவர்களாக இருந்தும் அச்சிறுவர்களின் குரலுக்கு இடமில்லை. அவர்களுக்காகவே 1980களில் ‘கன்சர்ன்ட் ஃபார் வொர்க்கிங் சில்ட்ரன்’ என்ற அமைப்பு உருவாயிற்று.

அவ்விளைஞர்கள் சிறுவர்களுக்கு உடையோ உணவோ தந்ததோடு நின்றுவிடவில்லை. எந்த ஊரிலிருந்து, எதனால் இங்கு வந்தார்கள் என்று கேட்டறிந்தனர். விடுதிச் சிறுவர்களில் பலரது சொந்த ஊர் கடலோரக் கர்நாடகத்தின் குந்தாப்புரா வட்டாரத்தில் இருந்தது. துன்பம் பெங்களூருவில் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் வேரோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிராமத்தில் இருந்தது. வேரைத் தேடி அவர்களும் அங்கு சென்றனர்.

சட்டம் தேவையே. 2006இல் உணவு விடுதிகளில் சிறுவர்களை வேலைக்கு அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. 2016இல், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகளுடன், 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் சிறுவனை ஊரைவிட்டு அனுப்பிய வறுமையைத் தடையாணை மட்டும் போக்கிவிடாது. ஊர் மாறாதவரை, மீட்கப்பட்ட சிறுவனை அதே பசி வேறொரு நகரத்திற்கு அனுப்பிவிடும்.

சிறுவர்களின் சபை

1990இல் உழைக்கும் சிறுவர்கள் ‘பீம சங்கம்’ என்ற தங்கள் சங்கத்தைத் தொடங்கினர். 1995இல் ‘மக்கள பஞ்சாயத்து’ பிறந்தது. கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் குழந்தைகள். ‘மக்கட்பேறு’ என்ற சொல்லில் தமிழிலும் அப்பொருள் வாழ்கிறது. சிறுவர் சிறுமியர் தேர்தல் நடத்தித் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஆடுமாடு மேய்ப்பவர்களும் பள்ளி செல்பவர்களும் ஒன்றாக அமர்ந்தனர். தமக்காகப் பரிந்து பேசப் பெரியவர் ஒருவரை ‘மக்கள மித்ரர்’ என்று அவர்களே தேர்ந்துகொண்டனர்.

அவர்கள் பேசியவை பெரிய தத்துவங்கள் அல்ல. குடிநீருக்கு நடக்க வேண்டிய தூரம், விறகு, மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கப் பாலமின்மை ஆகியவையே. ஆனால் வறுமை என்பது இத்தகைய சிறு தடைகளின் தொகுப்பன்றோ? ஓடையில் பாலம் இல்லையேல் மழைக்காலத்தில் பள்ளி இல்லை. பள்ளி விட்டுப்போனால் நகரத்துப் பேருந்துதான் மிஞ்சும். இத்தொடர்பைத் தினந்தோறும் அவ்வோடையைக் கடக்கும் சிறுமி அறிவாள். அவர்கள் தகவல்களைத் தாமே திரட்டிக் கிராமப் பஞ்சாயத்தின் முன் வைத்தனர். 2006இல் கர்நாடக அரசு, எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளிலும் குழந்தைகளின் கிராம சபையைக் கூட்டப் பணித்தது.

பணிவு, கேள்வி, சேவை

ஞானத்தைப் பெறும் வழியாக பகவத்கீதையின் நான்காம் அத்தியாயம் மூன்றைக் கூறுகிறது: பணிந்து வணங்குதல், கேட்டுத் தெளிதல், சேவை செய்தல். குருவை நாடும் சீடனுக்குச் சொல்லப்பட்டது இது. ஏழையை நாராயணராகக் காண்பவன் அதே முறையில்தானே அவரை அணுக வேண்டும்? இன்று பல இளைஞர்கள் மூன்றாவதிலேயே தொடங்கிவிடுகின்றனர். பணிவும் கேள்வியும் இல்லாத சேவை, கொடுப்பவனின் அகந்தையை வளர்க்கிறது. பெறுபவரைத் தலைகுனிய வைக்கிறது. போர்வை வழங்கும்போது எடுத்த புகைப்படத்தில் வழங்குபவன் சிரிக்கிறான். பெறுபவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார்.

‘பசித்தவனிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பதா?’ என்று கேட்கலாம். கூடாது. பசித்தவனுக்கு முதலில் அன்னமே அளிக்க வேண்டும். ஆனால் உண்ட பின் அவனருகில் அமர்ந்து, நாளையும் ஏன் பசிக்கப்போகிறது என்று அவனிடமே கேட்டறியாத தொண்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

சேவையில் நாட்டமுள்ள இளைஞர்கள் ஐவர் சேர்ந்து தம் ஊரில் ஒரு குடியிருப்பைத் தேர்ந்துகொள்ளட்டும். வாரம் ஒருநாள், தவறாமல், அங்கு செல்லட்டும். முதல் சில மாதங்கள் எதையும் வழங்க முற்படாமல், மக்கள் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். குறிப்பாகச் சிறுவர்களும் பெண்களும் சொல்வதை. எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டித் திருத்தட்டும். எதை முதலில் தீர்ப்பது என்பதை அக்குடியிருப்பே முடிவுசெய்யட்டும். வார்டு அலுவலகத்திற்கோ கிராம சபைக்கோ செல்லும் நாளில் இளைஞர்கள் உடன் செல்லட்டும். பேசுவது அம்மக்களாக இருக்கட்டும்.

இவ்வாறு செய்பவனுக்குத் தான் வறுமையை ஒழித்ததாகப் பெருமைப்பட இடமிராது. அவன் அறிந்துகொண்டவன், அறிவித்தவர்கள் அவர்கள். தொண்டு செய்ய வாய்ப்பளித்தவருக்குத் தொண்டனே நன்றி கூற வேண்டும் என்று சுவாமிஜி போதித்ததன் பொருள், அப்போது அவனுக்கு அனுபவமாகும்.