நீங்க போங்கடா

"நீங்க போங்கடா, நான் மெதுவா வரேன்."

இந்த வார்த்தையை நாம் எல்லாருமே கேட்டிருப்போம், சொல்லியும் இருப்போம். நண்பன் இப்படிச் சொன்னால் போய்விடலாமா? அவனே சொல்லிட்டான், அப்புறம் என்ன தப்பு?

இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் வரவில்லை. இங்கிலாந்தில் படித்த காலத்தில், ஓர் அக்டோபர் மாதம், கணுக்கால் வரை சேற்றில் நின்றபோது வந்தது.

நாங்கள் நாலு பேர். கிள்ளான், ஈப்போ, சிரம்பான் பக்கத்துப் பையன்கள். ஓடப் போன இடம் நார்த் யார்க் மூர்ஸ். 1952-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். 'மூர்' என்றால் மரமே இல்லாத மேட்டுநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஹெதர் என்ற குட்டைச் செடிதான். ஆகஸ்டில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும். அக்டோபரில் எல்லாம் பழுப்பு. அடியில் பீட் என்னும் கறுப்பு மண், பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் 42 கிலோமீட்டர் மாரத்தான். "சேர்ந்து ஆரம்பிக்கிறோம், சேர்ந்தே முடிக்கிறோம்" என்று ரயிலிலேயே பேசி வைத்திருந்தோம்.

பாதித் தூரம் தாண்டியதும் ஒருவனுக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

நம் ஊரில் ஓடும்போது களைத்தால் நிழலில் உட்காரலாம். உட்கார்ந்தால் சுகம். அங்கே அப்படி இல்லை. ஓடும்வரைதான் உடம்பில் சூடு இருக்கும். நின்றால், வியர்வையில் நனைந்த சட்டையைக் காற்று ஐஸ் ஆக்கிவிடும். நிற்பவனுக்கும் ஆபத்து, அவனுக்காகக் காத்திருப்பவனுக்கும் குளிர். அதனால் "போங்கடா" என்று அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

போனோம். ஒரு 300 மீட்டர் ஓடியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் லேசாகிவிட்ட மாதிரி. இனி நல்ல டைமில் முடிக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அப்போது சும்மா திரும்பிப் பார்த்தேன். பனிமூட்டம் இறங்கியிருந்தது. அவனைக் காணோம்.

முன்னால் போன இருவரையும் கத்திக் கூப்பிட்டேன். ஒருவன் என்னோடு திரும்பி வந்தான். இன்னொருவன் அடுத்த செக்பாயிண்டில் இருந்த தொண்டர்களிடம் தகவல் சொல்ல ஓடினான். எங்கள் நண்பன் ஒரு கல்லோரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையிலிருந்த மழைச்சட்டையைக்கூட எடுத்துப் போடவில்லை. "ஏண்டா வந்தீங்க?" என்று திட்டினான். ஆனால் தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை.

செக்பாயிண்டுக்கு நேரம் கடந்துதான் வந்தோம். எங்கள் மூவருக்கும் ஓட்டம் அங்கேயே முடிந்தது. முன்னால் போனவன் மட்டும் மெடல் வாங்கினான். அவன் செய்தது தப்பா? இல்லை. அவன் எங்களை விட்டுப் போகவில்லை, எங்களுக்காகப் போனான். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே ஓட்டம்தான். முதலில் நான் ஓடிய 300 மீட்டர்தான் வேறு.

"போங்கடா" என்று சொன்னவன் எங்களைப் பற்றி யோசித்துச் சொன்னான். பதிலுக்கு நான் அவனைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்கு வசதியாக இருந்ததால் அவன் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன். முடியாத நிலையில் இருப்பவன் தருகிற அனுமதி நம் பொறுப்பைத் தீர்த்துவிடாது. அது அவன் பெருந்தன்மை. அதைச் சாக்காக்குவது நம் சின்னத்தனம்.

பனி இறங்காமல் இருந்திருந்தால் நான் திரும்பியிருப்பேனா? இன்றுவரை தெரியவில்லை. பயத்தில் செய்த நல்லதுக்கு எவ்வளவு மதிப்பு என்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது "பரவால்ல, நீங்க போங்க" என்று சொன்னால், உடனே என்னையே கேட்டுக்கொள்கிறேன்: இதைக் கேட்டதும் எனக்கு ஏன் இவ்வளவு நிம்மதி?

படிப்பைப் பாதியில் விட்ட நண்பன், வேலை போனபின் குரூப்பில் பேசாமல் இருக்கும் நண்பன் என்று நம் எல்லாருக்கும் ஒருத்தன் இருப்பான். அவனும் என்றோ "நீங்க போங்கடா" என்று சொல்லியிருப்பான்.

கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன். அவன் கண்ணுக்குத் தெரிகிறானா?